ரத்தம் கொடுக்கும் முன் தேதியைச் சொல்லுங்கள்

எஃப்.எஸ்.எச். 11.8. இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் உடல்நிலையைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட முடியாது. மாதவிடாய் தொடங்கிய 2ஆம் நாளில் எடுத்த ரத்தம் என்றால், குழந்தைக்காகக் காத்திருக்கும் 34 வயதுப் பெண்ணுக்கு அது கவனிக்க வேண்டிய எண். சினைப்பையில் முட்டை இருப்பு குறைகிறதா என்று மேற்கொண்டு பார்த்தாக வேண்டும். 14ஆம் நாளில் எடுத்தது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. முட்டை வெளிவரும் சமயத்தில் அந்த ஹார்மோன் ஏறத்தான் செய்யும். 22ஆம் நாள் என்றால், அந்தக் கட்டத்துக்கு அது அதிகம். காரணம் தேட வேண்டும்.

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் நான்கு வரிகள் இருக்கும். பரவலாகப் புழங்கும் ஒரு கருவியின் அளவுகள் இவை: மாதவிடாயிலிருந்து முட்டை வெளியேறும்வரை உள்ள முதல் பாதிக்கு 3.5 முதல் 12.5, முட்டை வெளியேறும் சமயத்துக்கு 4.7 முதல் 21.5, அதற்குப் பிந்தைய பாதிக்கு 1.7 முதல் 7.7, மாதவிடாய் நின்ற பிறகு 25.8 முதல் 134.8. இதில் உங்களுக்குரிய வரி எது என்று லேப் சொல்லாது. நீங்கள் எந்த நாளில் இருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, கேட்டிருக்கவும் மாட்டார்கள். காலை ஏழு மணிக்கு கவுன்டரில் இருக்கும் பெண், "பேரு, வயசு சொல்லுங்க அக்கா. வெறும் வயித்துலதானே வந்திருக்கீங்க?" என்று அக்கறையாகக் கேட்பார். எஃப்.எஸ்.எச்.சுக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. தேவையான கேள்வி, "கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?" என்பது. அதை அவர் கேட்கும்படி படிவத்தில் இடமே இருக்காது.

அதனால் இந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ரத்தம் கொடுக்கும்போது கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியைச் சொல்லி, பில்லிலோ படிவத்திலோ எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதன் மேல் பேனாவால் நீங்களே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டரிடம் அந்தக் காகிதத்தை நீட்டும்போது அந்த ஒரு வரி இல்லாவிட்டால், மறுபடி அதே பரிசோதனை, மறுபடி அதே செலவு.

தேதி எண்ணுவதில் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. "தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டே பழக்கப்பட்டவர்கள் நாம். பல வீடுகளில் தலைக்குக் குளிப்பது மூன்றாம் நாள். அந்த நாளை முதல் நாளாகக் கொண்டால் 2ஆம் நாள் என்று எடுத்த ரத்தம் உண்மையில் 4ஆம் நாளுடையது. ரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள்தான் 1ஆம் நாள். அதற்கு முன் இரண்டு நாள் லேசாகக் கறை பட்டிருந்தால் அது கணக்கில் சேராது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போக்கு தொடங்கினால் மறுநாளை 1ஆம் நாளாக வைத்துக்கொள்ளலாம். பெரிய வித்தியாசம் வராது.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் பிட்யூட்டரி சுரப்பிதான். மூளையின் அடிப்பாகத்தில், எலும்புக் குழி ஒன்றுக்குள் பட்டாணி அளவில் இருக்கிறது. அதற்கு மேலிருக்கும் ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற சின்னஞ்சிறு ஹார்மோனைத் துளித்துளியாக அனுப்புகிறது. வெறும் பத்து அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அதன் அமைப்பை 1971இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழுவும் ரோஜர் கீமனின் குழுவும் கண்டுபிடித்தன. 1977இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்திலுள்ள மிக நுண்ணிய அளவு ஹார்மோனையும் அளக்கும் முறையை உருவாக்கிய ரோசலின் யாலோ அந்த ஆண்டின் பரிசை அவர்களோடு பகிர்ந்துகொண்டார். இன்று நீங்கள் லேபில் கொடுக்கும் ரத்தத்திலிருந்து எண் வருகிறதென்றால் அதற்கு வழிபோட்டவர் அந்தப் பெண்மணி.

ஜி.என்.ஆர்.எச். வந்து சேர்ந்ததும் பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை வெளியிடுகிறது: சினைப்பையில் முட்டை வளரும் பையான ஃபாலிக்கிளை வளர்க்கும் எஃப்.எஸ்.எச்., முட்டையை வெளியேற்றும் எல்.எச். எவ்வளவு ஜி.என்.ஆர்.எச். வருகிறது என்பதைப்போலவே எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1978இல் இதைக் குரங்குகளிடம் காட்டினார்கள். சொந்தமாக ஜி.என்.ஆர்.எச். சுரக்க முடியாத குரங்குகளுக்கு மணிக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டும் அதைச் செலுத்தியபோது பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. இடைவிடாமல் செலுத்தியபோது எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் சரிந்தன. ஓயாமல் அடிக்கும் காலிங் பெல்லை வீட்டில் உள்ளவர்கள் காதில் வாங்காமல் விட்டுவிடுவதைப் போல. மறுபடி விட்டுவிட்டுக் கொடுத்ததும் பழையபடி சுரந்தது.

எண்டோமெட்ரியோசிஸுக்கோ கருப்பைக் கட்டிக்கோ மாதம் ஒரு லியூப்ரோலைட் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கதை நேரடியாகப் பொருந்தும். அது ஜி.என்.ஆர்.எச். போலவே செய்யப்பட்ட மருந்து. விடாமல் ஊறிக்கொண்டிருப்பதால் பிட்யூட்டரியை அடக்குகிறது. ஆனால் முதல் ஒன்றிரண்டு வாரம் அடக்குவதற்குப் பதில் தூண்டிவிடும். ஊசி போட்டபின் வலி கூடியது, ரத்தப்போக்கு வந்தது என்று பயந்து சிகிச்சையை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், அது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

இயல்பான சுழற்சியின் முதல் பாதியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு. முட்டை வெளியேறிய பிறகு புரொஜெஸ்ட்ரோன் ஏறி, அந்தத் துடிப்பை மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்று தளர்த்திவிடும். வேகமான துடிப்பு எல்.எச்.சுக்கும் மெதுவான துடிப்பு எஃப்.எஸ்.எச்.சுக்கும் சாதகம். சுழற்சியின் கடைசி நாட்களில், அடுத்த மாதவிடாய்க்குச் சற்று முன்பாகவே எஃப்.எஸ்.எச். ஏறத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த மாத முட்டைக்கான தேர்வு அப்போதே ஆரம்பித்துவிடுகிறது.

துடிப்பு மாறுவதோடு, பிட்யூட்டரியின் உணர்திறனும் மாறுகிறது. நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் பகுதி இதுதான். 1970களில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் சாமுவேல் யென் குழுவினர், செயற்கையாகத் தயாரித்த ஜி.என்.ஆர்.எச்.சைப் பெண்களுக்குச் சுழற்சியின் வெவ்வேறு நாட்களில் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். மாதவிடாய் முடிந்த கையோடு கொடுத்தபோது எல்.எச். கொஞ்சம்தான் ஏறியது. ஃபாலிக்கிள் வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் கூடிய நாட்களில் அதே அளவுக்கு எல்.எச். வெகுவாக எகிறியது. சிறு அளவை இரண்டு மணி நேர இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது, முட்டை வெளியேறும் நாள் நெருங்க நெருங்க முதல் தடவையைவிட இரண்டாவது தடவை அதிகமாகச் சுரந்தது. முதல் தூண்டுதலே அடுத்த தூண்டுதலுக்குப் பிட்யூட்டரியைத் தயார்செய்துவிடுகிறது.

இதற்குப் பின்னால் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. குறைவாக இருக்கும்வரை அது பிட்யூட்டரியை அடக்குகிறது. மில்லி லிட்டருக்குச் சுமார் 200 பிகோகிராமைத் தாண்டி, இரண்டு நாள்போல அந்த உயரத்திலேயே நின்றால் தலைகீழாகத் திரும்பித் தூண்ட ஆரம்பிக்கிறது. பிட்யூட்டரி சேர்த்துவைத்திருந்த எல்.எச். மொத்தமாக வெளியே பாய்கிறது. பாய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். தூண்டுவதும் அடக்குவதும் ஒரே ஹார்மோன். எத்தனை வருடம் படித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இனி பரிசோதனைகளுக்கு வருகிறேன்.

எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரோஜன் அளவைக் காட்டும் எஸ்ட்ராடையால் மூன்றையும் 2 முதல் 4ஆம் நாளுக்குள் எடுங்கள். அந்த நாட்களில் சினைப்பை ஏறத்தாழ அமைதியாக இருக்கும். பிட்யூட்டரி எவ்வளவு சிரமப்பட்டு அதை எழுப்புகிறது என்பது தெரியும். எஃப்.எஸ்.எச்.சை மட்டும் தனியாக எடுக்கச் சொன்னால், "எஸ்ட்ராடையாலும் சேர்த்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். 3ஆம் நாளில் எஃப்.எஸ்.எச். 7 என்று வந்தால் நிம்மதியாக இருக்கும். அதே ரத்தத்தில் எஸ்ட்ராடையால் 110 என்றால் அந்த நிம்மதிக்கு அர்த்தமில்லை. முந்தின மாதத்து நீர்க்கட்டி ஒன்று மிச்சமிருக்கலாம், அல்லது வயதின் காரணமாக ஃபாலிக்கிள் முன்கூட்டியே வளர ஆரம்பித்திருக்கலாம். அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரியை அடக்கி, உயர்ந்திருக்க வேண்டிய எஃப்.எஸ்.எச்.சை இறக்கிக் காட்டுகிறது. 3ஆம் நாள் எஸ்ட்ராடையால் 60 முதல் 80க்கு மேல் போனால் அந்த மாத எஃப்.எஸ்.எச்.சை நம்ப வேண்டாம். அடுத்த சுழற்சியில் பாருங்கள். முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற பரிசோதனை நாளுக்கு நாள் அதிகம் மாறாது என்பதால் அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தேதி சரியாகத் தெரியாதவர்களுக்கு அது உதவி.

ஈஸ்ட்ரோஜனின் இந்த அடக்குதலைத் தளர்த்தித்தான் முட்டை வளர்வதற்கான சிகிச்சையும் தருகிறோம். 2ஆம் நாளோ 3ஆம் நாளோ தொடங்கி ஐந்து நாள் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடச் சொல்வது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைக்கிறது. அடக்க ஆள் இல்லாமல் பிட்யூட்டரி கூடுதலாக எஃப்.எஸ்.எச். சுரக்கிறது; ஃபாலிக்கிள் வளர்கிறது. "ஊருக்குப் போயிருந்தேன், 9ஆம் நாள்தான் ஆரம்பிச்சேன்" என்று வருவார்கள். அதற்குள் அந்த மாதத்து ஃபாலிக்கிள் தேர்வு முடிந்திருக்கும். தவறினால் டாக்டருக்கு போன் செய்து கேளுங்கள், நீங்களாகத் தள்ளித் தொடங்காதீர்கள்.

புரொஜெஸ்ட்ரோன் பரிசோதனையை 21ஆம் நாள் எடுக்க வேண்டும் என்ற விதி 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு மட்டும். 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவருக்கு 21ஆம் நாளில் முட்டையே அப்போதுதான் வெளியேறிக்கொண்டிருக்கும். எடுத்தால் 0.8 என்று வரும், "முட்டை வரவில்லை" என்று முத்திரை விழும், மாத்திரை தொடங்கும். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு என்பதுதான் சரியான கணக்கு. 35 நாள் என்றால் 28ஆம் நாள். ரத்தம் கொடுத்த பிறகு மாதவிடாய் எந்த நாள் வந்தது என்றும் குறித்து வையுங்கள். எடுத்த நாள் சரிதானா என்பதை அதுதான் உறுதிசெய்யும். மில்லி லிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியேறியிருக்கிறது. அதற்கு மேல் 8 நல்லதா 18 நல்லதா என்று ஒப்பிட்டு வருந்தாதீர்கள். எல்.எச். துடிப்புக்குத் துடிப்பு புரொஜெஸ்ட்ரோனும் ஏறி இறங்கும். ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள், பல மடங்கு மாறக்கூடியது.

மருந்துக்கடையில் கிடைக்கும் முட்டை வெளியேறும் நாளைக் காட்டும் கிட், சிறுநீரில் எல்.எச். பாய்ச்சலைக் காட்டுகிறது. உங்கள் சுழற்சியின் நீளத்திலிருந்து 17ஐக் கழித்தால் வரும் நாளிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்: 28 நாள் என்றால் 11ஆம் நாள், 32 என்றால் 15. தினமும் ஒரே நேரத்தில், அதற்கு முன் இரண்டு மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிக்காமல். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு ஜி.என்.ஆர்.எச். துடிப்பு வேகமாகவே இருப்பதால் எல்.எச். எப்போதும் கொஞ்சம் உயர்ந்திருக்கும். கிட் பல நாள் தொடர்ந்து பாசிட்டிவ் காட்டி ஏமாற்றும். அவர்களுக்கு ஃபாலிகுலர் ஸ்கேன்தான் நம்பகம். முட்டை வெடிக்க எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தாலும் கிட்டைப் பார்க்காதீர்கள். எல்.எச்.சுக்கும் எச்.சி.ஜி.க்கும் கிட்டுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். எல்.எச்., எஃப்.எஸ்.எச். விகிதத்தை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவுகட்டுவதும் பழைய பழக்கம். இன்றைய வரையறையில் அதற்கு இடமில்லை.

பிட்யூட்டரி சுரக்கும் பால் ஹார்மோனான புரோலாக்டின்தான் என் மேசையில் அதிகக் குழப்பத்தைக் கொண்டுவருகிறது. சாதாரண உச்சவரம்பு மில்லி லிட்டருக்கு 25 நானோகிராம். 38 என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, "மூளைல கட்டியாமே டாக்டரம்மா?" என்று கேட்டபடி மகளைக் கூட்டிவரும் தாய்மாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்காது. இணையத்தில் தேடியிருப்பார்கள், தூங்கியிருக்க மாட்டார்கள்.

38 என்பது பெரும்பாலும் கட்டி அல்ல. முட்டை வெளியேறும் சமயத்திலும் அதற்குப் பிந்தைய பாதியிலும் புரோலாக்டின் சற்று ஏறியிருக்கும், ஈஸ்ட்ரோஜன் அதற்கு உரம் போடுகிறது. தூக்கத்தில் ஏறும், எழுந்ததும் ஓடிப்போய் ரத்தம் கொடுத்தால் அந்த ஏற்றம் அப்படியே பதிவாகும். உடற்பயிற்சி, உடலுறவு, மார்பகப் பரிசோதனை, ஊசி பயம் எல்லாம் ஏற்றும். மறுபடி எடுக்கும்போது, சுழற்சியின் முதல் வாரத்தில், எழுந்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, லேபில் இருபது நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள்.

அதோடு உங்கள் மாத்திரை டப்பாவையும் பார்க்க வேண்டும். "கேஸ்" என்று மருந்துக்கடையில் சொன்னால் கொடுக்கும் கேப்சூல்களில் பல, அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்தவை. இரண்டுமே பிட்யூட்டரியின் மேலிருக்கும் டோபமின் கட்டுப்பாட்டைத் தளர்த்தி புரோலாக்டினை 100க்கும் மேல்கூட ஏற்றிவிடும். மாதவிடாய் நின்று, மார்பில் பால் கசிந்து, எம்.ஆர்.ஐ. வரை போய், கடைசியில் வயிற்றுக்குச் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்தியதும் சரியான பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டையின் பின்புறம் எழுதியிருக்கும் மருந்துப் பெயரை படமெடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். மனநல மருந்துகள் சிலவும் புரோலாக்டினை ஏற்றும். ஆனால் அவற்றை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அந்த மருந்தைக் கொடுத்த டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

தைராய்டு குறைவும் புரோலாக்டினை ஏற்றும். ஆகவே டி.எஸ்.எச். பார்க்காமல் புரோலாக்டினுக்கு மாத்திரை எழுதினால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாமல் எண் மட்டும் உயர்ந்திருந்தால் மேக்ரோபுரோலாக்டின் இருக்கிறதா என்று லேபில் பார்க்கச் சொல்லலாம். அது ஆன்டிபாடியோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் தங்கும் பெரிய மூலக்கூறு. எண்ணை ஏற்றுமே தவிர உடலில் பெரிதாக வேலை செய்யாது. 200ஐத் தாண்டினாலோ, தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்கினாலோ அது வேறு விஷயம். அப்போது எம்.ஆர்.ஐ. தள்ளிப்போடக் கூடாது. அப்படிக் கட்டியே இருந்தாலும் பயப்பட வேண்டாம். புரோலாக்டின் கட்டிகளில் பெரும்பாலானவை கேபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கிவிடும்.

டி.எஸ்.எச்.சைப் பொறுத்தவரை சுழற்சியின் நாள் பெரிய வித்தியாசம் செய்யாது. நேரம் செய்யும். இரவில் ஏறி மதியத்துக்கு மேல் இறங்கும், எனவே ஒவ்வொரு தடவையும் காலையில் ஒரே நேரத்தில் கொடுங்கள். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரையோ கம்மி மிட்டாயோ சாப்பிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். பயோட்டின் உடலை ஒன்றும் செய்யாமல் லேப் கருவியை ஏமாற்றுகிறது: டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும். சில கருவிகளில் எஃப்.எஸ்.எச்., எல்.எச்., புரோலாக்டினுக்கும் இதே கதி.

மனஅழுத்த ஹார்மோனான கார்டிசாலைப் பற்றி ஒரு சுவாரசியமான சேதி. ஜெர்மனியின் ட்ரியர் நகரத்தில் கிளெமன்ஸ் கிர்ஷ்பாம் குழுவினர், முன்பின் தெரியாதவர்கள் எதிரில் நின்று பேசவும் கணக்குப் போடவும் வைத்து மனஅழுத்தத்தை அளந்தார்கள். 1999இல் வெளியான அவர்களது ஆய்வில், உமிழ்நீரில் அளந்த கார்டிசால் முட்டை வெளியேறிய பிந்தைய பாதியில் இருந்த பெண்களுக்கு ஆண்களுக்கு நிகராக ஏறியது. முதல் பாதியில் இருந்தவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குறைவாகவே ஏறியது. மாதவிடாய்க்கு முந்தின வாரத்தில் சாதாரண அலுவலகப் பேச்சுகூட உடம்பை உலுக்குகிறது என்று சொல்லும் பெண்ணிடம், "எல்லாம் உன் மனசுலதான்" என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வரும், உடலில் நீரைத் தக்கவைக்கும் வேசோபிரெசினும் அதே நாட்களில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகச் சுரக்கத் தொடங்குகிறது. தாகமும் சீக்கிரம் எடுக்கிறது.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது பிட்யூட்டரி அடங்கியிருக்கும். அப்போது எடுக்கும் எஃப்.எஸ்.எச்.சும் எல்.எச்.சும் மாத்திரை வேலை செய்கிறது என்பதைத் தவிர வேறெதையும் காட்டாது. அந்த மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜன், கார்டிசாலையும் தைராய்டு ஹார்மோனையும் சுமந்துசெல்லும் புரதங்களை ஈரல் அதிகமாகத் தயாரிக்கும்படி செய்கிறது. மொத்தக் கார்டிசாலும் மொத்த டி4உம் இதனால் உயர்ந்து காட்டும், உண்மையில் நோய் இருக்காது. கார்டிசால் பரிசோதனைக்கு ஆறு வாரம் முன்பு மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அந்த இடைவெளியில் வேறு கருத்தடைக்கும் ஏற்பாடு வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் புதிதாகக் கருத்தடை மாத்திரை தொடங்கினால், ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்த்துவிடுங்கள், அளவைக் கூட்ட வேண்டி வரலாம்.

கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெதிஸ்டிரோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. மாமியாரோ அத்தையோ மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவந்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகு வருவது மருந்து நின்றதால் வரும் ரத்தப்போக்கு. அந்த 2ஆம் நாளும் இயல்பான சுழற்சியின் 2ஆம் நாளும் ஒன்றல்ல. எல்.எச். அடங்கியே இருக்கலாம். அவசரக் கருத்தடை மாத்திரை சாப்பிட்ட மாதத்திலும் நாள் கணக்கு நம்பகமற்றது. முடிந்தால் ஒரு இயல்பான சுழற்சி வரட்டும் என்று காத்திருந்து எடுங்கள். காத்திருக்க முடியாவிட்டால் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் அதற்கேற்ப வாசிப்போம். இதைச் சொல்ல வெட்கமோ பயமோ வேண்டாம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் சொல்ல முடியவில்லை என்றால், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

மூன்று மாதமாக மாதவிடாயே வரவில்லை, எந்த நாளை 2ஆம் நாள் என்பது? அப்படிப்பட்டவர்கள் எந்த நாளும் கொடுக்கலாம். ஆனால் முதல் பரிசோதனை கர்ப்பத்துக்கானது. கல்யாணம் ஆனவரா இல்லையா என்று பார்த்து அதைத் தவிர்ப்பது மருத்துவம் அல்ல. பிறகு எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ராடையால், புரோலாக்டின், டி.எஸ்.எச். எஃப்.எஸ்.எச். மிக உயர்ந்தும் எஸ்ட்ராடையால் குறைந்தும் இருந்தால் கோளாறு சினைப்பையில். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ராடையால் மூன்றுமே தாழ்ந்திருந்தால் ஹைப்போதலாமஸிலோ பிட்யூட்டரியிலோ தேட வேண்டும். அதில் அடிக்கடி தவறவிடப்படும் காரணம் பட்டினி. ஆன் லூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்குப் போக மிஞ்சும் உணவு, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனபோது ஐந்தே நாளில் எல்.எச். துடிப்பு குலைந்தது. எடை குறைக்கிறேன் என்று ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஜிம்முக்கும் போகும் மகளுக்கு மாதவிடாய் நின்றுபோனால், ஹார்மோன் மாத்திரைக்கு முன் தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள்.

பிரசவத்தில் ரத்தம் கொட்டி உயிர்பிழைத்த பெண்ணுக்குப் பால் சுரக்கவே இல்லை, மாதவிடாய் திரும்பவில்லை, எப்போதும் சோர்வு, ரத்த அழுத்தம் குறைவு என்றால் ஷீஹன் நோயை நினைக்க வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்து பிட்யூட்டரியின் திசு அழிந்துபோகும் இந்த நிலையை ஹெரால்ட் ஷீஹன் 1937இல் விவரித்தார். "பிரசவ பலவீனம்" என்று வருடக்கணக்கில் டானிக் குடித்துக்கொண்டிருக்கும் பெண்களில் சிலருக்கு இருப்பது இதுதான். அவர்களுக்குக் காலை எட்டு மணிக்குக் கார்டிசால் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை மட்டும் முதலில் தொடங்குவது ஆபத்து. கார்டிசால் குறையை முதலில் ஈடுசெய்ய வேண்டும்.

வயதுக்கு வந்து ஒன்றிரண்டு வருடமே ஆன சிறுமிக்குச் சுழற்சி ஒழுங்கில்லை என்று முழு ஹார்மோன் பேக்கேஜ் எடுத்துக்கொண்டு ஓடி வராதீர்கள். ஈஸ்ட்ரோஜனின் உயர்வுக்கு எல்.எச். பாய்ச்சலால் பதில் சொல்லும் திறன் பழுக்கச் சில வருடம் எடுக்கும். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் போனாலோ, அளவுக்கு மீறி ரத்தம் போனாலோ வாருங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவருவது எஃப்.எஸ்.எச். ரிப்போர்ட். ஒரு மாதம் 40, இரண்டு மாதம் கழித்து 8. இரண்டுமே சரியாக இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஒரு மாதம் சினைப்பை பதில் சொல்லும், இன்னொரு மாதம் சொல்லாது. பிட்யூட்டரியும் அதற்கேற்பக் குரலை உயர்த்தித் தாழ்த்தும். 45 வயதுக்கு மேல் மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து, திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்தால், அதைத் தெரிந்துகொள்ள எஃப்.எஸ்.எச். தேவையில்லை. ஒருமுறை 40 வந்துவிட்டது என்று கருத்தடையை விட்டுவிடவும் கூடாது. அடுத்த மாதமே முட்டை வரலாம். 40 வயதுக்கு முன்பே நின்றுபோனால் மட்டும் பரிசோதனை அவசியம். எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் இருந்தால் எலும்பையும் இதயத்தையும் காக்க சிகிச்சை வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். ஒரு வருடம் முழுக்க வராமல் நின்ற பிறகு, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் லேபுக்குப் போகாதீர்கள். நேராக மகளிர் நோய் மருத்துவரிடம் போங்கள், அதே வாரத்தில்.